பெரிய கொள்ளளவு மெமரி கார்டு: தேர்ந்தெடுப்பது முதல் நம்பி வேலைக்கு எடுத்துப் போவது வரை

பினாங்கில் கல்யாணம், கோவில் விழா, பிறந்தநாள் என்று படமெடுக்கத் தொடங்கும் பிள்ளைகள் கேமராவுக்கும் லென்ஸுக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். மெமரி கார்டை மட்டும் கடைசி நாளில் ஜிபியையும் விலையையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: வரிசை மாறிப்போகிறது. கொள்ளளவை முதலில் முடிவு செய்கிறார்கள், வேகத்தை அரைகுறையாகப் பார்க்கிறார்கள், சோதனையை விட்டேவிடுகிறார்கள்.

கேமரா எதை ஏற்கும் என்பதில் தொடங்க வேண்டும். அடுத்து எழுதும் வேகம், அப்புறம்தான் கொள்ளளவு, பிறகு கடை, அதன்பின் முழுச் சோதனை. எவ்வளவு பெரிய பெயர் அச்சிட்ட கார்டாக இருந்தாலும், ஒருமுறை முழுதாக நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்காமல் அதை நான் யாருடைய தாலி கட்டுக்கும் எடுத்துப் போவதில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேமராவின் கையேடு (தயாரிப்பாளரின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்), உங்கள் கேமராவில் எடுத்த ஒரு ரா படமும் (கேமரா சுருக்காமல் வைக்கும் மூலக் கோப்பு) ஒரு ஜேபெக் படமும் (சுருக்கிய சாதாரணப் படம்), கார்டைக் கணினியில் படிக்க யூஎஸ்பி 3 ரீடர், சில மணி நேரம் சும்மா விடக்கூடிய ஒரு கணினி.

இவற்றோடு காலமும் வேண்டும். நிகழ்ச்சிக்கு ஒரு வாரமாவது முன்னதாகக் கார்டை வாங்குங்கள். சோதனையில் தோற்றால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்க அந்த வாரம் தேவைப்படும்.

1. கேமராவின் வாயைப் பாருங்கள்

கையேட்டில் 'பயன்படுத்தக்கூடிய கார்டுகள்' என்ற பக்கத்தைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கார்டின் இனம். எஸ்டி கார்டுகளில் எஸ்டிஎச்சி என்பவை 32 ஜிபியோடு முடிகின்றன. அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. எனவே 64, 128, 256 ஜிபி எதை வாங்கினாலும் அது எஸ்டிஎக்ஸ்சிதான். அண்ணன் கொடுத்த பழைய கேமரா எஸ்டிஎச்சியை மட்டும் ஏற்பதாக இருந்தால் பெரிய கார்டு அதில் வேலை செய்யாது. சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேறு இனக் கார்டு போடும் கேமரா என்றால் ஏ வகையா பி வகையா என்று பாருங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. பி வகையும் எக்ஸ்க்யூடி என்ற பழைய இனக் கார்டும் ஒரே அளவு என்றாலும், நிக்கான் இசட்6, இசட்7 போன்ற கேமராக்களில் ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பித்த பிறகுதான் சிஎஃப்எக்ஸ்பிரஸ் ஓடும்.

இரண்டாவது, எஸ்டி கார்டும் கேமராவும் தரவைப் பரிமாறும் வேக வகை: யூஎச்எஸ் 1 அல்லது யூஎச்எஸ் 2. முதலாவதின் உச்சவரம்பு நொடிக்கு 104 எம்பி, இரண்டாவதுக்கு 312 எம்பி. யூஎச்எஸ் 2 கார்டின் பின்புறம் தங்கநிறத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். அந்த இரண்டாவது வரிசையைத் தொடும் முனைகள் கேமராவிலும் இருந்தால்தான் கூடுதல் வேகம் கிடைக்கும். சோனி ஏ6400, நிக்கான் இசட்50, கேனன் ஆர்50 மூன்றும் யூஎச்எஸ் 1 கேமராக்கள். இவற்றில் விலை உயர்ந்த யூஎச்எஸ் 2 கார்டைப் போட்டால் வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில்தான். அந்தக் காசுக்கு நல்ல யூஎச்எஸ் 1 கார்டு இரண்டு வாங்கியிருக்கலாம்.

மூன்றாவது, இரண்டு இடம் உள்ள கேமராவில் இரண்டும் ஒரே தரமா என்பது. சோனி ஏ7 மார்க் 3-இல் முதல் இடம் மட்டுமே யூஎச்எஸ் 2, இரண்டாவது யூஎச்எஸ் 1. இது 8-ஆம் படியில் முக்கியமாகும்.

2. உங்களுக்கு வேண்டிய எழுதும் வேகத்தைக் கணக்குப் போடுங்கள்

கேமராவுக்குக் கார்டு செய்யும் முதல் வேலை எழுதுவது. படிப்பது வீட்டுக்கு வந்த பிறகு. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய எண் எழுதும் வேகம்.

வீடியோவுக்கு இந்தக் கணக்கு எளிது. கேமரா மெனுவில் காணும் 100, 200, 400 என்ற எண்கள் மெகாபிட்டில் உள்ளவை. கார்டில் அச்சிட்டிருப்பது மெகாபைட்டில், அதாவது எம்பியில். எட்டால் வகுத்தால் இரண்டும் ஒரே அளவுக்கு வந்துவிடும். 100 மெகாபிட் வீடியோவுக்கு நொடிக்கு 12.5 எம்பி போதும். 200-க்கு 25 எம்பி, 400-க்கு 50 எம்பி, 600-க்கு 75 எம்பி. இந்த வகுத்தலைச் செய்யாமல், '4கே எடுக்கப்போகிறேன்' என்று சொல்லி வி90 கார்டு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எடுத்த 100 மெகாபிட் 4கே-க்கு வி30 தாராளம் (இந்த வி எண்களை 3-ஆம் படியில் விளக்குகிறேன்).

படங்களுக்குக் கணக்கு வேறு. இங்கே கார்டு திணறுவது தொடர்ச்சியாகச் சுடும்போது. தைப்பூசத்துக்கு முந்தின நாள், செட்டிப்பூசத்தன்று, வெள்ளி இரதம் வரும் வழியில் தேங்காய் உடைப்பதை எடுத்துப் பாருங்கள், புரியும். ஒருவர் தலைக்கு மேல் ஓங்குகிறார், காய் தார்ச்சாலையில் மோதுகிறது, ஓடு பிளந்து தண்ணீர் விசிறி மாதிரி எழும்புகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள். அந்த நொடிக்காக விரலை எடுக்காமல் அழுத்துவீர்கள். அவர் குனிந்து அடுத்த காயை எடுக்க நேரமே ஆகாது, பக்கத்தில் இன்னொருவரும் உடைத்துக்கொண்டிருப்பார். கேமராவின் பஃபரோ (கார்டுக்குப் போகும் முன் படங்கள் காத்திருக்கும் உள்நினைவகம்) இன்னும் முதல் தொடரையே கார்டுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். சிவப்பு விளக்கு எரியும், ஷட்டர் ஒவ்வொன்றாகத்தான் விழும்.

எண்ணில் சொன்னால்: பஃபரில் 40 ரா படங்கள், ஒவ்வொன்றும் 30 எம்பி என்றால் மொத்தம் 1,200 எம்பி. நொடிக்கு 60 எம்பி எழுதும் கார்டு அதைக் காலி செய்ய 20 நொடி எடுக்கும். 240 எம்பி எழுதும் யூஎச்எஸ் 2 கார்டுக்கு 5 நொடி. உங்கள் ரா படம் எத்தனை எம்பி என்று கணினியில் பார்த்து, கேமரா பஃபரில் எத்தனை படம் நிற்கும் என்று கையேட்டில் பார்த்து, இதே கணக்கைப் போடுங்கள்.

குழந்தைக்குக் காது குத்தும் விழா, குடும்பப் படம், உணவுப் படம் மட்டும் எடுப்பவருக்கு இந்த 20 நொடி எப்போதாவதுதான் வரும். அவர் யூஎச்எஸ் 1-இல் நல்ல கார்டு வாங்கினால் போதும்.

3. கார்டின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கார்டின் முகப்பில் மிகப் பெரிதாக இருக்கும் எண், 170, 200, 300 எதுவானாலும், அது படிக்கும் வேகம். எழுதும் வேகம் உறையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது தயாரிப்பாளரின் தளத்தில் மட்டும் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே நிறம் கொண்ட வரிசையிலேயே 64 ஜிபி கார்டு 256 ஜிபி கார்டைவிட மெதுவாக எழுதலாம். நண்பர் வாங்கிய அதே கார்டு என்று சொல்லி வாங்கும்போது அதே கொள்ளளவா என்றும் பாருங்கள்.

யூஎச்எஸ் 1 கார்டில் 200 என்று எழுதியிருந்தால், 104 என்ற வரம்பை அது எப்படித் தாண்டியது என்று கேட்கலாம். தயாரிப்பாளர் தன் சொந்த முறையில் அந்த வேகத்தைக் கொடுக்கிறார். அதற்குப் பொருந்தும் ரீடர் இருந்தால் மட்டுமே அது கிடைக்கும். கேமராவுக்குள் 104-க்கு மேல் போகாது.

வட்டத்துக்குள் 10, யூ வடிவத்துக்குள் 1 அல்லது 3, வி என்ற எழுத்துக்குப் பின் 30, 60, 90. இவை எல்லாமே எழுதும்போது இதற்குக் கீழே இறங்காது என்ற குறைந்தபட்ச உறுதி. 10-உம் யூ1-உம் நொடிக்கு 10 எம்பி, யூ3-உம் வி30-உம் 30 எம்பி, வி60 என்றால் 60, வி90 என்றால் 90. வீடியோ எடுப்பவர் நம்ப வேண்டிய எண் இந்த வி எண்தான். உச்ச வேகம் சில நொடிகளுக்கு வந்து போகும், வீடியோ மணிக்கணக்கில் ஓடும்.

யூஎச்எஸ் எந்த வகை என்பதை ரோமன் எண்ணில் ஒற்றைக் கோடு அல்லது இரட்டைக் கோடு காட்டும். அந்தச் சின்னக் கோட்டையும் யூ வடிவத்துக்குள் இருக்கும் எண்ணையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. யூ3 என்பது யூஎச்எஸ் 2-ஐவிடப் பெரியது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு விஷயம்.

சில கார்டுகளில் 1000எக்ஸ் மாதிரி எண் இருக்கும். ஒரு எக்ஸ் என்பது நொடிக்கு 150 கேபி. ஆக 1000எக்ஸ் என்றால் 150 எம்பி, அதுவும் படிக்கும் வேகம். ஏ1, ஏ2 குறிகள் கைப்பேசியில் செயலிகளை ஓட்டுவதற்கானவை, கேமராவுக்கு அவற்றால் பயனில்லை.

மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிப் பயன்படுத்தலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவசரத்துக்குச் சரி. சம்பளம் வாங்கும் வேலைக்கு வேண்டாம். அடாப்டருக்குள் இன்னொரு தொடுமுனை இணைப்பு சேர்கிறது, அது தளர்ந்தால் கேமரா கார்டையே காணவில்லை என்று சொல்லும்.

4. இப்போது கொள்ளளவு

ராவும் ஜேபெக்கும் சேர்த்து ஒரு சொடுக்குக்கு 40 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 64 ஜிபியில் சுமார் 1,600 படம், 128 ஜிபியில் 3,200. காலையில் நலங்கு, முகூர்த்தம், மாலையில் விருந்து என்று ஓடும் கல்யாணத்துக்கு 128 ஜிபி பொருத்தமான அளவு என்பது என் கருத்து. வீடியோ எடுத்தால் கணக்கு மாறும்: 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, 400 மெகாபிட்டில் 180 ஜிபி.

ஒரு கார்டு இடம் மட்டும் உள்ள கேமராவுக்கு ஒரே 512 ஜிபி கார்டை வாங்காதீர்கள். 128 ஜிபியில் இரண்டு மூன்றாக வாங்கி, சடங்கு முடிந்து எல்லாரும் சாப்பிடப் போகும்போது மாற்றுங்கள். ஒன்று பழுதானாலும் முழு நாளும் போகாது. 'மாற்றும்போது தொலைந்துவிட்டால்?' என்று சிலர் எதிர்வாதம் செய்வார்கள். அதில் நியாயம் உண்டு. பத்துமலைப் படியிலோ தண்ணீர்மலைக் கோவில் படியிலோ கூட்டத்துக்கு நடுவே கார்டை மாற்றுவது கைதவறி விழ வைக்கும் வேலைதான். அப்படிப்பட்ட நாளுக்கு மட்டும் அந்த நாள் முழுவதும் தாங்கும் ஒரு கார்டைப் போட்டுக்கொண்டு போங்கள்.

128 ஜிபி கார்டு கணினியில் 119 ஜிபி என்று காட்டினால் பயப்படாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் எண்ணுகிறது. 256 என்றால் 238 காட்டும்.

5. எங்கே, எப்படி வாங்குவது

போலிக் கார்டு இங்கே தாராளமாகப் புழங்குகிறது. கடையானாலும் இணையமானாலும் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: கார்டின் மாடலும் கொள்ளளவும் எழுதிய ரசீது, உள்ளூர் விநியோகிப்பாளரின் உத்தரவாத ஒட்டி, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்ற பதில். பினாங்கில் கொம்தார் பக்கம் வாங்கினாலும், கோலாலம்பூர் போகும்போது லோயாட் கணினிக் கடைத் தொகுதியில் வாங்கினாலும் இதே மூன்றுதான். மூன்றாவதுக்குப் பதில் சொல்லத் தயங்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

இணையத்தில் என்றால் ஷோப்பி, லசாடாவில் தயாரிப்பாளரின் அதிகாரபூர்வக் கடையைத் தேடுங்கள். பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். 'பொருள் கிடைத்தது' என்ற பட்டனைச் சோதனை முடியும்வரை அழுத்தாதீர்கள். அதை அழுத்தினால் உங்கள் பணம் விற்பவருக்குப் போய்விடும், பிறகு திரும்பப் பெறுவது கடினம்.

பார்வையிலேயே பிடிபடும் போலிகள் உண்டு. 1 டிபி கார்டு 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றால் அதில் மேலே பேச ஒன்றுமில்லை. முகப்பில் யூஎச்எஸ் 2 என்று அச்சிட்டு, திருப்பினால் ஒரே வரிசைத் தொடுமுனை இருக்கும். அச்சு மங்கலாக, எழுத்து சற்றுத் தடிப்பாக இருக்கும். பின்புறம் வரிசை எண் இருக்காது. அல்லது அந்தத் தயாரிப்பாளர் அந்த வரிசையில் வெளியிடவே செய்யாத ஒரு கொள்ளளவு அச்சாகியிருக்கும். தளத்தில் ஒரு நிமிடம் தேடினால் இது தெரிந்துவிடும்.

ஆனால் நல்ல போலி இவை அனைத்தையும் தாண்டி வரும். உறையும் ஒட்டியும் அச்சடிக்கக்கூடியவைதானே. அதனால்தான் அடுத்த படி.

பிராண்டைப் பற்றி ஒன்று. சான்டிஸ்க், சோனி, லெக்சார், கிங்ஸ்டன், புரோகிரேட் எதுவாக இருந்தாலும் நிறுவனத்தின் பெயரைவிட வரிசையின் பெயர் முக்கியம். சான்டிஸ்க் அல்ட்ராவும் எக்ஸ்ட்ரீம் புரோவும் ஒரே நிறுவனத்துடையவை, வேலை வேறு. 'சான்டிஸ்க் வாங்கு' என்று மட்டும் சொல்லித் தம்பியைக் கடைக்கு அனுப்பினால் விலை குறைந்ததோடு திரும்பி வருவான். முழுப் பெயரை எழுதிக் கொடுங்கள்.

உத்தரவாதம் என்பது பழுதான கார்டுக்குப் பதில் கார்டு. அதில் இருந்த படங்களுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். போலியை விற்றவர் பணத்தைத் தர மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே பதியலாம். ரசீதும் பெட்டியைப் பிரித்தபோது எடுத்த வீடியோவும் அங்கே கைகொடுக்கும்.

6. முழுதாக நிரப்பிச் சோதியுங்கள்

இந்த ஒரு படியை யாரும் தாண்டக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

போலிக் கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உள்ளே உண்மையில் இருப்பது 16 ஜிபி, கேமராவிடம் சொல்வது 128 ஜிபி. முதல் 16 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குப் பிறகு வரும் படங்கள் பழையவற்றின் மேல் எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாது. கோப்புகளின் பட்டியல் மட்டும் கார்டின் தொடக்கத்தில் பத்திரமாக இருப்பதால், கணினியில் பார்த்தால் எல்லாப் பெயரும் வரிசையாகத் தெரியும். திறந்தால்தான் பாதி சாம்பல் நிறம், அல்லது திறக்கவே திறக்காது. 'இருநூறு படம் எடுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது' என்பது இதனால் ஆதாரமாகாது. மாப்பிள்ளை வரவேற்பு வரை இருக்கும், தாலி கட்டு இருக்காது.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. செய்ய வேண்டிய வரிசை:

கார்டைக் கேமராவில் ஃபார்மட் செய்யுங்கள். உள்ளே எந்தப் படமும் இருக்கக்கூடாது.

ரீடரைக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். ஹப் வழியாகச் செருகினால் இடையில் அறுந்துபோகும் வாய்ப்பு உண்டு, சோதனை வீணாகும்.

மென்பொருள் ஜெர்மன் மொழியில் திறக்கும். மேலே ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கார்டைக் காட்டி, கிடைக்கும் முழு இடத்தையும் சோதிக்கச் சொல்லி, எழுது–சரிபார் என்ற பட்டனை அழுத்துங்கள்.

அப்புறம் விட்டுவிடுங்கள். நொடிக்கு 80 எம்பி எழுதும் 128 ஜிபி கார்டுக்கு எழுத அரை மணி நேரம், திரும்பப் படிக்கக் கிட்டத்தட்ட அதே நேரம். மடிக்கணினி தூங்கப் போகாதபடி அமைப்பை மாற்றி வையுங்கள்.

தொடங்கும்போது, மொத்தத்தில் சில எம்பி குறைவாகத்தான் சோதிக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கை வரலாம். அதைப் பார்த்ததும் கார்டு போலி என்று முடிவு கட்டிக் கடைக்கு ஓடியவர்கள் உண்டு. கோப்பு முறைக்காக ஒதுக்கிய சிறு இடம் அது, கவலை வேண்டாம். இறுதியில் பிழையில்லாமல் முடிந்தது என்று வந்தால் கார்டின் கொள்ளளவு உண்மை. இத்தனை ஜிபி சரி, இத்தனை ஜிபி போய்விட்டது என்று வந்தால், அந்தத் திரையை அப்படியே படமெடுத்து வைத்துக்கொண்டு கார்டைத் திருப்பிக் கொடுங்கள். உண்மையான அளவு வரைக்கும் மட்டும் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். அளவிலேயே பொய் சொல்லும் கார்டின் உள்ளே இருக்கும் சில்லும் தரமானதாக இருக்காது.

மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவசக் கருவி இதே வேலையைச் செய்கிறது. முதலில் எழுதும் கட்டளை, பிறகு படிக்கும் கட்டளை என்று இரண்டு பகுதி. எழுதியதோடு நிறுத்திவிடாதீர்கள், பொய் வெளிப்படுவது படிக்கும்போதுதான்.

முடிவில் காட்டும் எழுதும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல யூஎஸ்பி 3 ரீடரில் வி30 கார்டு 30-க்குக் கீழே எழுதினால் அதுவும் திருப்பிக் கொடுக்கக் காரணம்.

இந்தச் சோதனையை மாதாமாதம் செய்யத் தேவையில்லை. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுத எழுதத் தேய்மானம் உண்டு. வாங்கியதும் ஒருமுறை, பிறகு சந்தேகம் வந்தால் ஒருமுறை.

7. கேமராவில் ஃபார்மட், பிறகு எண்

சோதனைக் கோப்புகளைக் கணினியில் அழித்தாலும் மறுபடி கேமராவில் ஃபார்மட் செய்யுங்கள். அந்தக் கேமராவுக்கு வேண்டிய கோப்புறைகளை அதுவே அமைத்துக்கொள்ளும். கேமரா மாற்றும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும்.

கார்டின் மேல் நிரந்தர மையால் 1, 2, 3 என்று எண் எழுதி, வாங்கிய மாதத்தையும் குறியுங்கள். காகித ஒட்டி வேண்டாம், அது உரிந்து கேமராவுக்குள் சிக்கும்.

இப்போது ஒரு செயல்முறைச் சோதனை: ரா வடிவத்தில், பஃபர் நிரம்பும்வரை தொடர்ச்சியாகச் சுட்டு, விரலை எடுத்ததிலிருந்து விளக்கு அணைய எத்தனை நொடி என்று கைப்பேசியில் பாருங்கள். 2-ஆம் படியில் போட்ட கணக்குக்கு அருகில் வர வேண்டும்.

8. இரண்டு இடம் இருந்தால்

கல்யாணத்துக்கு ஒரே முறைதான்: இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே படம் எழுதும் பேக்கப். முதல் கார்டு நிரம்பினால் இரண்டாவதுக்குத் தாவும் முறையில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

பேக்கப்பில் வைத்தால் மெதுவான கார்டின் வேகத்துக்கு இரண்டும் இறங்கிவிடும். முதல் இடத்தில் யூஎச்எஸ் 2, இரண்டாவதில் பழைய மெதுவான கார்டு என்று வைத்துவிட்டு 'புதுக் கார்டு வேகமாக இல்லையே' என்று கேட்பவர்களின் சிக்கல் இதுதான். இரண்டாவது இடத்தில் ஜேபெக் மட்டும் எழுதும்படி வைத்தால் சுமை குறையும். இரண்டு கார்டும் ஒரே கொள்ளளவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சிறியது நிரம்பியதும் கேமரா நின்றுவிடும்.

9. வேலை நாளில்

சிவப்பு விளக்கு எரியும்போது மூடியைத் திறக்காதீர்கள், பேட்டரியையும் எடுக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்புப் பட்டியலே சிதைந்துபோகலாம். பேட்டரி கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டால், தொடர் சூட்டைத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளி வெயிலுக்கு வந்ததும் கார்டு மூடியைத் திறக்க வேண்டாம். நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் உடனே படியும், தொடுமுனைகளில்கூட. கேமரா வெளிச்சூட்டுக்கு வரும்வரை பையிலேயே இருக்கட்டும். வீட்டில் டிரை பாக்ஸ் (ஈரம் புகாத பெட்டி) இருந்தால் கார்டுகளையும் அதிலேயே போட்டு வையுங்கள்.

எடுத்து முடித்த கார்டைக் கார்டுப் பையில் முகம் உள்ளே பார்க்கும்படி வையுங்கள். காலி கார்டு முகம் வெளியே. எல்லாருக்கும் இதே ஒழுங்கு என்றால், உதவிக்கு வரும் தம்பியும் தவறான கார்டை எடுத்துக் கொடுக்க மாட்டார்.

10. நகல் எடுப்பது

128 ஜிபியை நொடிக்கு 90 எம்பியில் படித்தால் 24 நிமிடம். பழைய யூஎஸ்பி 2 ரீடரில், நொடிக்கு 30 எம்பி என்றால், ஒரு மணி நேரத்துக்கு மேல். நள்ளிரவு வீடு திரும்பியவர் அவ்வளவு நேரம் விழித்திருக்க மாட்டார், 'காலையில் பார்க்கலாம்' என்று விட்டுவிடுவார். மறுநாள் வேலைக்கு அதே கார்டு கேமராவுக்குள் போகும். நல்ல ரீடர் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வெட்டி ஒட்டாதீர்கள், நகல் எடுங்கள். வேறு வேறு இரண்டு வட்டுகளில் நகல் இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியா என்று பார்த்து, தொடக்கத்தில் சில, நடுவில் சில, கடைசியில் சில படங்களை முழுதாகத் திறந்து பாருங்கள். அதன் பிறகுதான் கார்டுக்கு ஃபார்மட்.

11. பிழை வந்தால்

கார்டைச் செருகியதும் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கார்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள். அழிந்த படம் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், புதிய படம் அதன் மேல் எழுதப்படும்வரை.

முதலில் எளிய காரணங்களை விலக்குங்கள். பூட்டு நெம்புகோல் கீழே இறங்கியிருக்கிறதா, தொடுமுனைகளில் அழுக்கா, வேறு ரீடரில் தெரிகிறதா. தொடுமுனையை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள்.

அப்படியும் இல்லையென்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். அது கோப்புப் பட்டியலை நம்பாமல் கார்டின் உள்ளடக்கத்தையே தேடிப் படங்களை எடுக்கும். மீட்டதைக் கணினி வட்டில் சேமியுங்கள், அதே கார்டில் வேண்டாம். பழைய கோப்புப் பெயர்கள் திரும்பி வராது, எடுத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம். எந்த ரீடரிலும் கார்டு தென்படவே இல்லை என்றால் மென்பொருளால் பயனில்லை. அதைத் தரவு மீட்கும் நிலையத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும். போகும் முன் கட்டணத்தைக் கேட்டு, வாடிக்கையாளரிடமும் நிலைமையை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

படங்கள் மீண்டாலும், காரணம் தெரியாமல் பிழை காட்டிய கார்டைச் சம்பள வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். கூடு பிளந்தது, பூட்டு நெம்புகோல் உடைந்தது, முழுச் சோதனையில் ஒரு கோப்பாவது தவறியது, இவற்றில் எதுவானாலும் அப்படித்தான். அதன் எண்ணின் மேல் குறுக்குக்கோடு போட்டு, கார்டுப் பையிலிருந்து வெளியே வையுங்கள்.